ஏழாவது எபிசோடு குழாயில் வந்த கதை

சிவப்பு விளக்கு எரியுதா தாயி? எரியுதா. சரி, அப்பச் சொல்றேன். ஆனா போன தடவை மாதிரி பண்ணிப்புடாதீங்க. ரெண்டு மணி நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசினவனை நாப்பது செகண்டுல முடிச்சு, "வணக்கம், என் பேரு சோணைமுத்து, இந்தப் பல்கலைக்கழகத்துல இருபத்தாறு வருசமா தண்ணி திறந்துவிடுறேன்" அப்படிங்கிறதோட நிப்பாட்டி, பின்னாடி புல்லாங்குழலை ஊதவிட்டு, என்னை ஏதோ செத்துப்போன ஆளு மாதிரி ஆக்கிவச்சீங்களே, அது மாதிரி இந்தத் தடவையும் நடந்துச்சுன்னா, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்.

கேக்குறவங்களுக்குத் தெரியணும்ல, அதனால முறையா ஆரம்பிக்கிறேன். எனக்கு எதிர்ல உக்காந்திருக்கிற புள்ள பேரு ரிஸ்வானா, இதழியல் ரெண்டாம் வருசம், கேள்வி கேக்குறது அதோட வேலை. பக்கத்துல காதுல பெரிய மூடியை மாட்டிக்கிட்டு, என் முகத்தைப் பாக்காம கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருக்கிற தம்பி ஜெபஸ்டின், வெட்டுறது அவன் வேலை. ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துறதுதான் 'கேளுங்க செவக்காடு'ங்கிற பாட்காஸ்ட். ஒரு வாரம் நம்ம செவக்காட்டூர் பல்கலைக்கழகத்துல யாரு என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு வரும், மறுவாரம் ஊருக்குள்ள யாராச்சும் ஒருத்தரோட கதை வரும். கேக்குறவங்க மொத்தம் பதினொரு பேரு. அதுல மூணு பேரு ரிஸ்வானா வீட்டு ஆளுக, ஒண்ணு ஜெபஸ்டினே தன்னோட இன்னொரு போன்ல கேக்குறது.

இதுகளுக்கு ஒலிப்பதிவு பண்ண இடம் கேட்டப்ப எந்தத் துறையும் குடுக்கல. ஒரு ரூம்ல ஃபேன் கடகடங்குது, ஒரு ரூம்ல புறா குடும்பம் நடத்துது. கடைசியில நான்தான் இந்தப் பழைய மோட்டார் ரூம் சாவியைக் குடுத்தேன், சுவரு ரெண்டடி கனம், மோட்டாரும் இல்ல, பிசகும் இல்ல. ஹாஸ்டல்ல ஒதுக்கின பழைய மெத்தையெல்லாம் சுவத்துல ஆணியடிச்சு மாட்டிக்கிட்டாங்க. நாற்காலி மட்டும் ரெண்டுதான் கிடைச்சுச்சு, அது ரெண்டும் இவங்களுக்கு. பேச வர்ற ஆளுக உக்கார, இந்த ரூமுக்குக் குறுக்கால போகுது பாருங்க மெயின் குழாய், அது மேல ஒரு துண்டை விரிச்சு உக்காரவச்சாங்க. துணைவேந்தர்லேர்ந்து ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் அத்தனை பேரும் அந்தக் குழாய் மேல உக்காந்துதான் பேசினாங்க, நானும் அப்படித்தான் பேசினேன், இப்பவும் அதுலதான் உக்காந்திருக்கேன்.

பேசி முடிச்சதும் ஜெபஸ்டின் வெட்டுவான். அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி ஒவ்வொண்ணாப் பொறுக்குவான். ஒருத்தர் இருமினா வெட்டு, பெருமூச்சு விட்டா வெட்டு, "அது வந்து"ன்னா வெட்டு, பேச முடியாம நிறுத்தினா வெட்டு, முக்கியமா, மனசுல உள்ளதை எல்லாம் கொட்டிப்புட்டு "ஐயையோ, இதைப் போட்டுறாதீங்க"ன்னு சொன்னா அந்த மொத்தத்தையும் வெட்டு. வெட்டினது எங்க போகும்னு அவனும் யோசிக்கல, யாரும் யோசிக்கல.

இப்ப என் தொழில் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. காலையில ஆறு மணிக்கு நான் சாவியைப் போட்டு மெயின் வால்வைத் திறந்தா உடனே தண்ணி வராது. முதல்ல காத்துதான் வரும், எல்லாக் குழாயும் 'புஸ்ஸு'ன்னு மூச்சு விடும், செருமும், துப்பும், அப்புறம்தான் தண்ணி. இது எந்த ஊர்லயும் உள்ளதுதான். ஆடி மாசம் ஒரு திங்கக்கிழமை நான் வால்வைத் திறந்தேன், புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு, அந்தக் காத்துல நம்ம துணைவேந்தரோட குரல் வந்துச்சு. "முடி சரியா இருக்கா பாருங்கம்மா" அப்படிங்குது. "என்னது, இது வீடியோ இல்லையா? அப்ப எதுக்கு என்னைக் கோட்டு போட்டுட்டு வரச் சொன்னாங்க?" அப்படிங்குது. ஹாஸ்டல்ல, கேன்டீன்ல, நிர்வாகக் கட்டடத்துல, தோட்டத்துல, இருக்கிற முந்நூத்திச் சொச்சம் குழாயிலயும் ஒரே நேரத்துல அந்தக் குரல். பெண்கள் ஹாஸ்டல்ல பல்லு விளக்கிக்கிட்டிருந்த ஒரு புள்ள காதைக் குடுத்துக் கேட்டுட்டு, "ஏய், வி.சி. பேசுறாரு, இந்தா தண்ணி வந்துரும், பக்கெட்டை எடு"ன்னுச்சாம். அம்புட்டுதான். அதுக்கு மேல யாரும் அதிசயப்படல.

அடுத்தடுத்த முறைத்தண்ணிக்கு அடுத்தடுத்த எபிசோடு. வெட்டின வரிசையிலயே வந்துச்சு, ஒரு வார்த்தை முன்னப்பின்ன இல்ல. மூணாவது தண்ணிக்கு ஹாஸ்டல் வார்டன் அம்மா வந்தாங்க. "சாம்பாருக்குப் பருப்பு போடுறது செவ்வாய்க்கிழமை மட்டும்தான், மத்த நாள்ல மஞ்சத்தூளு பாத்துக்கும், இதைப் போட்டுறாதீங்க"ன்னு குழாய் சொல்லுச்சு. அன்னைக்கு மத்தியானம் சாம்பார்ல கரண்டியை நட்டா நின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

ரிஜிஸ்ட்ரார் ஒரு சுற்றறிக்கை விட்டாரு. 'பல்கலைக்கழகக் குழாய்கள் அலுவல் நேரத்தில் தனிப்பட்ட கருத்துகளைத் தெரிவிப்பது விதிமுறைகளுக்குப் புறம்பானது. துறைத்தலைவர்கள் தத்தம் குழாய்களுக்கு இதனைத் தெரிவிக்கவும்.' எல்லாத் துறைத்தலைவரும் அதைக் குழாய் மேலயே ஒட்டி, கீழ 'தெரிவிக்கப்பட்டது'ன்னு கையெழுத்தும் போட்டாங்க. இயற்பியல் துறை இதுக்கு ஒரு சமன்பாடு எழுதுச்சு. தமிழ்த்துறை 'குழாய்மொழி'ன்னு ரெண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம் வச்சுச்சு, பன்னாட்டுன்னு போட்டாச்சேன்னு, சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்திருந்த ஒருத்தரோட மச்சானைப் பிடிச்சு மேடையில உக்காரவச்சுச்சு. ஊர்ச்சனம் குடத்தைத் தூக்கிக்கிட்டு பல்கலைக்கழகக் கேட்டுக்குள்ள வர ஆரம்பிச்சுச்சு, தண்ணிக்கு இல்ல, கேக்குறதுக்கு. பதினொரு பேரு கேட்ட பாட்காஸ்டை இப்ப நாலாயிரம் பேரு கேக்குறாங்கன்னு ஜெபஸ்டின் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தான். நான் சொன்னேன், தம்பி, அவங்க கேக்குறது நீ போட்டதை இல்லடா, நீ தூக்கிப்போட்டதைன்னு. அவனுக்கு அது பிடிக்கல.

நாலாவது தண்ணியைச் சொல்லாம இருக்க முடியாது. அது ஐஸ் வண்டிக்காரர் சீனியப்பாவோட எபிசோடு. இவங்க போட்டதுல அவரு சேமியா ஐஸ் எப்படிச் செய்யுறதுன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருந்தாரு. வெட்டினது என்னன்னா, "வீட்டம்மா இருந்தப்ப அவதான் பாலைக் காய்ச்சுவா"ன்னு ஆரம்பிச்சு, அதுக்கு மேல வாய் வராம ஒரு நிமிசம் சும்மா இருந்திருக்காரு. அந்த ஒரு நிமிசமும் குழாயில வந்துச்சு. புஸ்ஸுங்கிற சத்தம் கூட இல்ல. முந்நூறு குழாயும் வாயைத் திறந்துக்கிட்டு சும்மா இருக்கு, கீழ குடத்தை வச்சவங்க வச்ச கையோட அப்படியே நிக்கிறாங்க, ரிஜிஸ்ட்ரார் கூட எந்திரிச்சு நின்னாருன்னு அவரு டிரைவர் சொன்னான். அப்புறம் தண்ணி வந்துச்சு. அன்னைக்கு எனக்கு அழுகை வந்துருச்சு, சொல்றதுக்கு என்ன வெட்கம்.

ஆறாவது தண்ணி ஒரு வியாழக்கிழமை முடிஞ்சுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நான் வால்வு குழியை மூடிக்கிட்டிருந்தப்ப, விலங்கியல் துறையில ஆராய்ச்சி பண்ற மங்கையர்க்கரசி மூச்சிரைக்க ஓடி வந்துச்சு. சுருக்கமா மங்கைம்போம். வீட்டுப் பல்லி எப்போ, எதுக்குச் சத்தம் போடுதுன்னு ஆறு வருசமா ஆராய்ச்சி. ஊர்ல கேட்டா, எந்தத் திக்குல பல்லி சொன்னா என்ன பலன்னு காலண்டர்லயே போட்டிருக்கே, இதுக்கு ஆறு வருசமான்னு கேப்பாங்க. அந்தப் புள்ள அதுக்கெல்லாம் கோவிச்சுக்காது.

"அண்ணே, நாளான்னைக்கு என் முறைண்ணே. ஏழாவது எபிசோடு நான்தான்."

"நல்லதுதானே தாயி. பல்லியைப் பத்தித்தானே பேசியிருப்ப?"

"பல்லியைப் பத்தி பேசினதைப் போட்டுட்டாங்க. மத்ததை வெட்டச் சொன்னேன். மத்தது வந்தா நான் செத்தேன்."

அப்புறம்தான் விசயத்தைச் சொல்லுச்சு. அதோட கைடு பேராசிரியர் ஞானதிரவியம் அய்யா. சிரிச்சு யாரும் பாத்ததில்ல, நல்லாருக்குன்னு ஒருத்தரைச் சொல்லிக் கேட்டதில்ல. இந்தப் புள்ள எழுதிக் குடுக்கிறதை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, மறுநாளே கையெழுத்து போட்டு, "கமாவைப் பாத்துக்கோங்க"ன்னு மட்டும் சொல்லித் திருப்பிக் குடுப்பாராம். படிக்கிறாரா இல்லையான்னு மங்கைக்குச் சந்தேகம். பாத்துருவோம்னு நாலாவது அத்தியாயத்துல, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல, பல்லியோட வாலைப் பத்தின பத்திக்கு நடுவுல, 'அய்யா, இந்த வரியை நீங்கள் படித்தால் எனக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்'னு ஒரு வரியைச் சொருகி வச்சிருச்சு. மறுநாள் கையெழுத்தோட வந்துச்சு. கமாவைப் பாத்துக்கோங்கன்னாரு. டீ வரல. ஒரு மாசம் பாத்துச்சு, ரெண்டு மாசம் பாத்துச்சு, வரல. அப்புறம் அழுதுட்டு அந்த வரியை மறந்துருச்சு. மறந்தது மட்டுமா, அதை எடுக்காமலே அச்சடிச்சு, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்துல பேரு பொறிச்சு, பல்கலைக்கழகத்துல ஒப்படைச்சிருச்சு!

"அட கிறுக்குப் புள்ள! அதைப் போய் மைக்குல சொன்னியா?"

"ரிஸ்வானா அன்பா கேட்டுச்சுண்ணே. ஆறு வருசம் எப்படி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. வாய் தன்னால பேசிருச்சு."

அடுத்த புதன்கிழமை அதுக்கு வாய்மொழித் தேர்வு, வைவாம்பாங்க. வெளியூர்லேர்ந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்டு, கைடும் அவரும் கையெழுத்து போட்டாத்தான் பேருக்கு முன்னாடி டாக்டர். அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு குழாயில வந்தா, எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்ச அய்யா கையெழுத்து போடுவாரா? ஆறு வருசமும் தண்ணியா ஓடிரும். அதனால புதன்கிழமை வைவா முடியுற வரைக்கும் வால்வைத் திறக்காதீங்கண்ணேங்குது. ராத்திரியில யாருக்கும் தெரியாம திறந்துவிட்டா என்னன்னு நீங்க கேப்பீங்க. எங்கிட்டு? ஹாஸ்டல்காரங்க பாதிப் பேரு குழாயடியிலயே பாயை விரிச்சுல்ல படுத்துக் கிடக்குறாங்க.

இதுல எனக்கும் ஒரு கஷ்டம் இருந்துச்சு. ஒம்போதாவது எபிசோடு என்னோடது. நாப்பது செகண்டு போக மிச்சம் ரெண்டு மணி நேரமும் குழாய்க்குள்ள வரிசையில நிக்குது. அதைக் கேக்குறதுக்கு எங்க மச்சினன் குடும்பமே வேன் பிடிச்சு வர்றதா ஏற்பாடு. என் வீட்டுக்காரி பேச்சியம்மா மட்டும், "இருபத்தாறு வருசமா நான் இதைத்தானே கேக்குறேன், இதுக்கு வேன் வேறயா"ன்னா. ஏழாவதை நிறுத்தினா ஒம்போதாவதும் நின்னுரும். நான் யோசிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்து மங்கை கைப்பையிலேர்ந்து அந்தத் தடி புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை நீட்டுச்சு. நன்றியுரை. அதுல அம்மா அப்பாவுக்கு அடுத்து, பல்லித் தொட்டிகளுக்கு ஒருநாளும் தவறாமல் தண்ணீர் தந்த திரு. சோணைமுத்து அண்ணன்னு போட்டிருக்கு. என் பேரை நான் அச்சுல பாத்தது ரேசன் கார்டுக்கு அப்புறம் அதுலதான். சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.

சனிக்கிழமை திறக்கல. திங்கக்கிழமையும் திறக்கல. அடேங்கப்பா, என்ன பாடு! குளிக்காத பயலுக எல்லாம் காலி பக்கெட்டைத் தட்டிக்கிட்டு ஊர்வலம் போனானுக, அதுலயும் பாதிப் பேரு தண்ணிக்கா போராடினான், 'ஏழாவது எபிசோடு எங்கே'ன்னுல்ல தட்டி எழுதிப் பிடிச்சிருந்தான். ரிஜிஸ்ட்ரார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. வால்வு ஜாமாயிருச்சுய்யான்னேன்.

"எப்பச் சரியாகும்?"

"புதன்கிழமை சாயங்காலம் அய்யா."

"ஜாமான வால்வுக்கு எப்படிய்யா நேரம் தெரியும்?"

"பழகின வால்வுங்கய்யா."

புதன்கிழமை விடிஞ்சுச்சு. இந்த மோட்டார் ரூமுக்கு நேர் பின்னாடிதான் விலங்கியல் துறை, ரெண்டுக்கும் நடுவுலதான் வால்வு குழி, அதுக்குள்ள நின்னு தலையை நிமித்தினா ஜன்னல் வழியா அந்த ஹால் முழுசும் தெரியும், மூலையில கைகழுவுற பேசினும் தெரியும். பதினோரு மணிக்கு வைவா. அன்னைக்கு டிபன் வாங்கி வைக்கிறது ஆராய்ச்சி பண்ற புள்ளையோட பொறுப்பு. இது எந்தச் சட்டத்துலயும் இல்ல, இது இல்லாம எந்த வைவாவும் நடந்ததும் இல்ல. மங்கை டவுன்லேர்ந்து கேசரி, பொங்கல், மெதுவடை எல்லாம் வரவழைச்சு வச்சிருந்துச்சு. வெளியூர் பேராசிரியர் ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து வந்தவரு, பசி. கேசரியைச் சாப்பிட்டாரு, பொங்கலைச் சாப்பிட்டாரு, மூணு வடையைக் கெட்டிச் சட்னியில முக்கிச் சாப்பிட்டாரு, இருந்த ரெண்டு பாட்டில் தண்ணியையும் குடிச்சாரு, மேல ஒரு காப்பியையும் ஊத்தினாரு. சரியா பத்து ஐம்பதுக்கு வயித்தைத் தடவிக்கிட்டு எந்திரிச்சு, எந்தப் பக்கம்னு கேட்டு, கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளேர்ந்து சத்தம். "தண்ணி வரலையே! யாராவது இருக்கீங்களா?"

பல்கலைக்கழகம் பூரா ஒரு சொம்புத் தண்ணி இல்ல. ரிஜிஸ்ட்ரார் போன்ல என் மேல விழுந்து கடிக்கிறாரு. ஞானதிரவியம் அய்யா சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மங்கைதான் பட்டுச்சேலையோட வால்வு குழிக்கு ஓடி வந்துச்சு.

"அண்ணே, திறந்துருங்க."

"திறந்தா உன் பேச்சு வரும் தாயி."

"வரட்டும். அவரு வெளிய வரலைன்னா வைவாவே இல்ல. திறங்கண்ணே."

நான் ஒரு கணக்குப் போட்டேன். வால்வை ஒரே மூச்சுல முழுசாத் திறந்துவிட்டா காத்து வேகமாப் போயிரும், பேச்சு என்ன ஏதுன்னு விளங்காது. குழிக்குள்ள இறங்கிச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அசையல. நாலு நாளா ஜாம் ஜாம்னு சொன்னேன்ல, வாய் முகூர்த்தம், நிசமாவே ஜாமாயிருச்சு! சுத்தியலை எடுத்துத் தட்டி, தொங்கி, எங்க குலசாமியைக் கூப்பிட்டு, ஒரு மயிரிழை மயிரிழையாத்தான் நகருது. நகர நகர, காத்து மெதுவா, பள்ளிவாசல் பாங்கு மாதிரி தெளிவா, ஒரு எழுத்து விடாம பேச்சைக் கொண்டு போகுது. வைவா ஹால் பேசின்ல, கேன்டீன்ல, வெளியூர்ப் பெரியவரு பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற இடத்துல, எல்லா இடத்துலயும் மங்கை பேசுது.

"எங்க அய்யா படிக்கவே மாட்டாரு ரிஸ்வானா. நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எனக்கு டீ வாங்கித் தாங்கன்னு எழுதியே வச்சேன். கையெழுத்து போட்டுட்டாரு. ஆறு வருசத்துல பல்லியைத் தவிர யாரும் என்னை நிமிந்து பாத்ததில்ல. நான் நல்லா எழுதுறேனா மோசமா எழுதுறேனான்னே எனக்குத் தெரியாது. மோசம்னாவது சொல்லலாம்ல? இதைப் போட்டுறாதே, என்ன?"

ஹால்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. மங்கை குழி மேட்டுல சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்குது. போச்சு, புள்ளையோட ஆறு வருசத்தை நானே திறந்துவிட்டு ஊத்திப்புட்டேன். சரி, அடுத்து தண்ணி வரும்னு பாத்தா, வரல. ஆறு நாளா அடைச்சு வச்சதுல, வரிசையில நின்னதெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்பிருச்சு. எட்டாவது எபிசோடு வந்துச்சு. எட்டாவது யாரு? ஞானதிரவியம் அய்யாதான்!

"படிக்காம என்னம்மா, முழுசும் படிச்சேன், ரெண்டு தடவை" அப்படிங்குது குழாய். "ஒரு பக்கத்துல டீ கேட்டிருக்கா. நானும் வாங்கித் தரணும்னு ரெண்டு நாள் டீக்கடை வரைக்கும் நடந்து போனேன். டீ வாங்கிக் குடுத்தா, எப்படி இருந்துச்சு அய்யான்னு கேப்பா. பிரமாதம்னு சொல்லணும், ஏன்னா அது பிரமாதம், இந்தத் துறையில நான் உட்பட யாரும் அப்படி எழுதினதில்ல. ஆனா எனக்கு அந்த வார்த்தை வாயில வராதும்மா. என் கைடு என்கிட்ட ஒரு நாள் கூடச் சொன்னதில்ல, எனக்கு அது பழக்கமே இல்ல. டீக்கடையிலேர்ந்து திரும்பி வந்துட்டேன். அந்த வரியை அடிச்சிருக்கணும், அடிக்கவும் மனசு வரல. இதையெல்லாம் போட்டுறாதீங்க, துறையில மரியாதை போயிரும்."

பேசின் பக்கத்துல நின்ன அய்யா, தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு, மாட்டுறாரு, மறுபடி கழட்டித் துடைக்கிறாரு. மங்கை ஹாலைப் பாத்து ரெண்டு எட்டு வச்சுட்டு நின்னுருச்சு.

அதுக்குள்ள ஒம்போதாவது ஆரம்பிச்சிருச்சு. "இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அளவுக்கல்லு நட்டப்பவே நான் இங்க வந்துட்டேன், அதைச் சொல்லணும்னா நான் பொறந்ததுலேர்ந்து சொல்லணும்" அப்படின்னு என் குரல். நல்ல கணீர்னு குரல், நானே சொல்லக்கூடாது. கேன்டீன் வாசல்ல பயலுக பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல உக்கார்றானுக கேக்குறதுக்கு. இருபத்தாறு வருசத்துல முதல் தடவையா இந்த ஊரு நான் பேசுறதைக் கேக்க உக்காருது! அப்பத்தான் உள்ளேர்ந்து கதவைத் தட்டுற சத்தம்.

"இது யாரு? இவரு இன்னும் எவ்வளவு நேரம் பேசுவாரு?"

எனக்குத்தான் தெரியும், ஒரு மணி ஐம்பத்தொம்போது நிமிசம். மங்கை என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அதுக்கும் தெரியும்ல, மச்சினன், வேன், எல்லாம். "பரவாயில்லண்ணே, நீங்க பேசுங்க, அவரு இருப்பாரு"ன்னுச்சு. அவரு எப்படிய்யா இருப்பாரு!

வால்வு இப்ப இளகியிருந்துச்சு. ரெண்டு கையையும் குடுத்து ஒரே சுத்துல முழுசும் திறந்தேன். நான் பொறந்தது, பள்ளிக்கூடம் விட்டது, பேச்சியம்மாவைப் பொண்ணு பாக்கப் போனது, இந்தக் குழாயெல்லாம் நான் புதைச்சது, மூத்தவன் காய்ச்சல்ல போனது, ரெண்டு மணி நேரமும் ஒரே ஒரு 'கீச்'சுன்னு போயிருச்சு. அந்தக் கீச்சுக்கு விலங்கியல் துறையில இருந்த அம்புட்டுப் பல்லியும் ஒண்ணாப் பதில் சொல்லுச்சு. ஹாலுக்கே ஓடி வந்திருந்த ரிஜிஸ்ட்ரார், பல்லி சொன்னா தட்டுற பழக்கத்துல, தன்னையறியாம மேசையை மூணு தடவை தட்டினாரு. அதுக்குப் பின்னாடி தண்ணி வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு தண்ணி.

நான் குழியை விட்டு ஏறி ஜன்னல்ல வந்து நின்னப்ப பெரியவரு வெளிய வந்தாரு. கையைத் துடைச்சாரு. நேரா மேசைக்குப் போய் அந்தத் தடி புத்தகத்தை எடுத்து, எச்சி தொட்டு, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்தைப் புரட்டினாரு. அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு வந்ததுலயே தெரிஞ்சு போச்சு, அவரும் அதை இன்னைக்குத்தான் திறக்கிறாருன்னு. எல்லாப் பக்கமும் படிச்சேன்னு எழுதிக் கையெழுத்து போட்ட அறிக்கை பக்கத்துலயே கிடக்கு, பாவம். தொண்டையைச் செருமிக்கிட்டு, "அம்மா, முதல் கேள்வி. டீ வந்துச்சா?"ன்னாரு.

ஞானதிரவியம் அய்யா எந்திரிச்சாரு. தன் பையையே தான் தூக்காத மனுசன், ஹாலை விட்டு இறங்கி, வெயில்ல நடந்து, அப்பத்தான் தண்ணி பிடிச்சு உலையை வச்ச டீக்கடைக்குப் போய், கொதிக்கிற வரைக்கும் நின்னு, ஒரு கண்ணாடி கிளாசை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. வழியெல்லாம் சிந்திக்கிட்டே வந்தாரு. அந்தப் புள்ள முன்னாடி வச்சாரு. வாயைத் திறந்தாரு, மூடினாரு. மறுபடி திறந்தாரு. 'பி'ன்னு உதடு ஒட்டுச்சு, அதோட நின்னுருச்சு. ஹால்ல அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தையை நெட்டித் தள்ளுற மாதிரி பாக்குறாங்க.

கடைசியில, "சக்கரை போதுமான்னு பாரும்மா"ன்னாரு.

மங்கை ஒரு வாய் குடிச்சுச்சு. கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது. "பிரமாதம் அய்யா"ன்னுச்சு.

அப்புறம் ரெண்டு மணி நேரம் பல்லியைப் பத்திக் கேள்வி கேட்டாங்க, அது டக்கு டக்குன்னு சொல்லுச்சு, டாக்டராயிருச்சு. நேத்துலேர்ந்து போற வர்றவங்க கிட்ட எல்லாம் அய்யா சக்கரை போதுமான்னு கேக்குறாராம், பரீட்சைத்தாள் திருத்தி ஓரத்துல கூட அப்படித்தான் எழுதுறாராம். அதுக்கு என்ன அர்த்தம்னு விலங்கியல் துறை முழுக்கத் தெரியும்.

என் மச்சினன் குடும்பம் வேன்ல வந்து இறங்கினப்ப வெறும் தண்ணிதான் வந்துக்கிட்டிருந்துச்சு. வருத்தம் இல்லாம இல்ல. மூத்தவனைப் பத்தி நான் வேற யார்கிட்டயும் அப்படிப் பேசினதில்ல, இனிமே பேச வருமோ வராதோ. அதைத்தான் இந்த ரிஸ்வானா புள்ள மறுநாளே வந்து, "அண்ணே, முதல்லேர்ந்து சொல்லுங்க, நாங்க கேக்குறோம்"னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து இந்தக் குழாய் மேல உக்காரவச்சிருக்கு.

அதனால தாயி, இதுவரைக்கும் சொன்னது முன்னுரை. இனிமேத்தான் நான் பொறக்கவே போறேன். ஜெபஸ்டின் தம்பி, என்ன அதுக்குள்ள கடிகாரத்தைப் பாக்குற? வெட்டணும்னா தாராளமா வெட்டிக்க. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வால்வைத் திறக்கப்போறவன் நான்தான், இந்தத் தடவை மெதுவாத் திறப்பேன்.